ஆண்கள் பூத்துக்கு வந்த சாய்தளம்

மார்ச் 15

இதில் நடக்கப்போகிற அத்தனையையும் நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன் என்பதை முதல் வரியிலேயே எழுதிவைக்கிறேன். பின்னால் யாரும் வந்து, "உனக்கு அப்பவே தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். தெரியும்.

இன்று டி.வி.யில் தேர்தல் தேதி சொன்னார்கள். ஏப்ரல் 20. இதைப் பொங்கலுக்கே முடிதிருத்தும் கடையில் சொன்னவன் நான். கூடவே ஏப்ரல் 7, ஏப்ரல் 14, மே 3 என்றும் சொல்லியிருந்தேன். யோசிக்கிற ஆளுக்கு நாலு யோசனை வரத்தான் செய்யும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: செண்பகமூர்த்தி, 'மூர்த்தி சவுண்ட் சர்வீஸ்' உரிமையாளர். முப்பது வருஷமாக எல்லாக் கட்சிக்கும் மைக் செட் போட்டவன். படிப்பு எட்டாவது. அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்றும் இல்லை என்று ஹெட்மாஸ்டரே அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பிவிட்டார்.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும்.

மார்ச் 18

மாவு மில்லுக்குப் போகும் வழியில் தமயந்தி கடையில் உட்கார்ந்தேன். என் அக்கா மகள். மூன்று வயதில் போலியோ வந்து இரண்டு காலும் போய்விட்டது. சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸும் ஆன்லைன் வேலையும் பார்க்கிறாள். எங்கள் ஊர்க்காரர்கள் சர்க்காருக்கு எழுதுகிற மனு பூராவும் அவள் கை வழியாகத்தான் போகும். அவளுக்கு இத்தனை விவரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்குத் தாய்மாமன் யார் என்று நினைவுபடுத்துவேன்.

"மாமா, இந்தத் தடவை என்னைத் தூக்க வராதீங்க" என்றாள்.

எங்கள் பூத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடத்தில். கேட்டுக்கு நேரே இருக்கிற கட்டடம் ஆண்கள் பூத்து. அதற்குப் பின்னால் வேப்பமரத்தடியில் இருக்கிற கட்டடம் பெண்கள் பூத்து. இரண்டுக்கும் ஒரே கொத்தனார், ஒரே நாலு படி. தேர்தலுக்குத் தேர்தல் நானும் இன்னொருத்தனும் தமயந்தியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறுவோம். முன்பக்கம் எப்போதும் நான்தான்.

"ஏந்தாயி, மாமாவுக்கு வயசாயிருச்சுன்னு நினைக்கிறியா?"

"உங்களுக்கு ஆகல. எனக்குத்தான் ஆயிருச்சு. முப்பத்தாறு வயசுப் பொம்பளைய மூட்டை மாதிரி தூக்கினது போதும்."

"அப்ப எப்படி ஏறுவ?"

"சாய்தளம் போடணும். போடுறது அவங்க பொறுப்பு. ரெண்டாயிரத்துப் பதினாறுல வந்த சட்டம், பதினோராம் பிரிவு. எல்லாப் பூத்துக்கும் எங்கள மாதிரி ஆளுங்க போய்வர வழி பண்ணணும்னு இருக்கு."

"பண்ணலைன்னா?"

"படி வரைக்கும் போவேன். வழி இல்லைன்னா திரும்பி வந்துருவேன். ஓட்டுப் போடாம."

ஓட்டு என்றால் அவளுக்குத் திருவிழா. முதல் நாளே சேலைக்கு இஸ்திரி போட்டுவைப்பாள். அப்படிப்பட்டவள் சொல்கிறாள். சட்டமெல்லாம் சரி தாயி, ஆள் வேண்டும் என்றேன். கலெக்டரை நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மாவு அரைக்க மறந்துவிட்டேன். என் வீட்டுக்காரி இந்திராணி இரண்டு மணி நேரம் பேசினாள். மைக் இல்லாமலே.

மார்ச் 23

கலெக்டரைப் பார்த்தாயிற்று.

தேர்தல் நேரம் என்பதால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் கிடையாதாம். அதற்குப் பதில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், மனுவை அதில் போட வேண்டும். பெட்டி ஐந்து படிக்கு மேலே வராந்தாவில் இருந்தது. படி ஏற வழி வேண்டும் என்று எழுதிய மனுவைப் போட, படி ஏற வேண்டியிருந்தது. தமயந்தி கீழேயே இருந்துகொண்டு அந்தப் பெட்டியைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஏறிப் போட்டேன்.

இறங்கி வரும்போது என்னைப் பார்த்ததும் ஒரு கார் நின்றது. உள்ளே இருந்தவர் என்னையே பார்த்தார். டிரைவர் இறங்கி வந்து என்னோடு தனியாக இரண்டு வார்த்தை பேசினார். ஊரில் கேட்டவர்களுக்கு இதை அப்படியே சொன்னேன். அந்த இரண்டு வார்த்தை "ஓரமா போய்யா" என்பதை இந்திராணிக்கு மட்டும் தமயந்தி சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 24

வெயில். ஆம்ப்ளிஃபயரில் எலி.

மார்ச் 31

வி.ஏ.ஓ. தீனதயாளன் தமயந்தி வீட்டுக்கு வந்தார். மாற்றுத்திறனாளிகள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம், அதிகாரிகளே வந்து வாங்கிக்கொள்வார்கள், கையெழுத்துப் போடும்மா என்றார். நல்ல மனுஷன், கையோடு பேனாவும் கொண்டுவந்திருந்தார். நானும் சும்மா கூடப் போயிருந்தேன்.

"எந்திரிக்க முடியாதவங்களுக்கு நல்ல வசதி சார்" என்றாள் தமயந்தி. "படுக்கையில கிடக்கிறவங்களுக்குக் கொடுங்க. நான் தினம் கடைக்குப் போறேன், பேங்குக்குப் போறேன். ஓட்டுக்கு மட்டும் ஏன் வீட்ல உக்காரணும்?"

"உங்களுக்குத்தாம்மா சிரமம்னு பாத்தேன்."

"எனக்குச் சிரமம் இல்ல சார். ஊர்ப் பொம்பளைங்க நிக்கிற வரிசையில நானும் இருக்கணும். அவ்வளவுதான்."

நான் இடையில் புகுந்து சமாதானம் பண்ணினேன். "ஏந்தாயி அடம் பிடிக்கிற? போன தடவை எவ்வளவு அழகாத் தூக்கிட்டுப் போனோம், பேப்பர்லகூட வந்துச்சே."

அது நிஜம். 'ஜனநாயகக் கடமை' என்று தலைப்புப் போட்டு அரைப்பக்கத்துக்குப் படம். நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்து, தமயந்தி பயந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, சேலை ஒதுங்கி, கண்ணை மூடியிருப்பாள். நான் மட்டும் கேமராவைப் பார்த்திருப்பேன். அதை லேமினேஷன் பண்ணி முன்னறையில் மாட்டியிருக்கிறேன். என்ன காரணமோ அதற்குப் பிறகு தமயந்தி எங்கள் வீட்டுக்கு வருவதே இல்லை. வேலை ஜாஸ்தியாக இருக்கும்.

ஏப்ரல் 2

முன்னறைப் படத்தை இந்திராணி கழற்றிவிட்டாள். பின்னட்டையை அரிசி மூட்டைக்கு அடியில் கொடுத்திருக்கிறாள், ஈரம் ஏறாமல் இருக்க. ஏன் என்று கேட்டேன். "ஒரு நாளாவது அந்தப் படத்துல அவ மூஞ்சியப் பாத்திருக்கீங்களா?" என்றாள்.

சாப்பாட்டில் உப்பு ஜாஸ்தி.

ஏப்ரல் 11

தமயந்தி போனுக்குக் குறுஞ்செய்தி: "தங்கள் மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது." கலெக்டர் என்னை மறக்கவில்லை. டீக்கடையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். என்ன நடவடிக்கை என்று ஒருத்தன் கேட்டான். பொறாமைக்காரன்.

ஏப்ரல் 18

சாய்தளம் வந்துவிட்டது. சின்ன லாரியில். இரும்புச் சட்டம், மேலே தகரம், இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் குழாய். பத்துப் பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். வெள்ளையும் பச்சையுமாகப் பெயின்ட் அடித்து, கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருந்தது.

அதை ஆண்கள் பூத்தில் போட்டார்கள்.

எங்கள் ஊர் ஆண்களில் படி ஏற முடியாதவர் ஒருவர் இருந்தார். அவர் தை மாதமே காலமாகிவிட்டார்.

தீனதயாளனைப் பிடித்தேன். "என்ன வி.ஏ.ஓ. சார், கேட்டது பொம்பளப்புள்ள. போட்டது ஆம்பளைங்களுக்கா?"

"அண்ணே, ஒரு வளாகத்துக்கு ஒரு ராம்ப். இது வந்திருக்கறதே பெரிசு."

"சரி, அந்த ஒண்ணைப் பின்னால போடலாம்ல?"

"பின்னால போட்டா கேட்டுலருந்து தெரியாதுண்ணே. ஆய்வுக்கு வர்ற ஜீப்பு உள்ள திரும்பாது. இங்க போட்டா இறங்காமலே பாத்துக்கலாம்." சொல்லிக்கொண்டே போனில் சாய்தளத்தைப் படம் எடுத்தார். படத்துக்கு அடியில் இடம், தேதி, மணி எல்லாம் தானாகவே விழுந்தது. அங்கேயே மேலே அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் தமயந்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். கடையைச் சாத்திக்கொண்டிருந்தாள். "படத்துல அழகா இருந்துச்சா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் 19

மறுபடி நாலு பேருக்குப் போன் பண்ணினாளாம். நாலு பேரும் ஐந்தாவது ஆளின் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். அது தீனதயாளன் நம்பர்.

நாளைக்கு வெள்ளை வேட்டி.

ஏப்ரல் 20

ஊரே இன்று என்னைப் பற்றித்தான் பேசுகிறது. அதனால் விவரமாக எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கே ஓட்டுப் போட்டேன். அனுபவத்துக்காகச் சாய்தளம் வழியாக ஏறிப் பார்த்தேன், ஜம்மென்று இருந்தது. எனக்கு முன்னால் போனவர்களும் பின்னால் வந்தவர்களும் அப்படியே ஏறினார்கள். பக்கத்தில் படி சும்மா கிடந்தது. மல்யுத்தத்துக்குப் போகிற உடம்பை வைத்துக்கொண்டு ஒருத்தன் குழாயைப் பிடித்து ஏறினான்.

பத்து மணிக்குத் தமயந்தி வந்தாள். அரக்குச் சேலை, இஸ்திரி போட்டது. முன்னால் போகச் சொன்ன பெண்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரிசையிலேயே இருந்தாள். முறை வந்தது. படிக்குக் கீழே சக்கரத்தை நிறுத்தினாள்.

பூத்துத் தலைமை அலுவலராக வந்திருந்தது வெளியூர் டீச்சர் ஒருவர். வாசலுக்கு வந்தார். "ரெண்டு ஆம்பளைங்களைக் கூப்பிடுறேம்மா, தூக்கிருவாங்க."

நான் வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"வேண்டாம் டீச்சர். நானா ஏற வழி இருந்தா ஏறுறேன். இல்லைன்னா இல்ல." என் பக்கம் திரும்பி, "வேட்டிய இறக்கி விடுங்க மாமா" என்றாள்.

"தூக்கினா என்ன தாயி குறைஞ்சுபோவ?"

"தூக்கிட்டுப் போனா நான் போய் ஓட்டுப் போட்ட மாதிரியே இல்ல மாமா. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டக் கொண்டுபோற மாதிரி இருக்கு."

வழியை மறிக்கக்கூடாது என்று நாற்காலியை ஓரமாக நகர்த்திக்கொண்டாள். டீச்சர் மண்டல அலுவலருக்குப் போன் போட்டார். வருவதாகச் சொன்னாராம். பெண்கள் ஒவ்வொருவராக ஏறிப் போய் மை வைத்துக்கொண்டு இறங்கினார்கள். இறங்கியவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். உலையைப் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு வந்தவர்கள் எல்லாம் உட்கார்ந்தார்கள். இந்திராணி வெற்றிலைப் பையோடு நடுவில் இருந்தாள்.

மண்டல அலுவலர் ஜீப்பு மூன்று மணிக்கு வந்தது. வழக்கம்போலக் கேட்டிலேயே நின்றது. இறங்கி நடந்து வந்தார். வேர்த்துப்போன, சாப்பிடாத முகம்.

"ராம்ப் இல்லைன்னு சொன்னீங்களே, முன்னாடி இருக்கேம்மா."

"அது ஆம்பளைங்க பூத்து சார்."

"இந்த வளாகத்துலதானே இருக்கு?"

"நான் வளாகத்துக்கு ஓட்டுப் போட வரலையே சார்."

மரத்தடியில் யாரோ சிரித்தார்கள். டீச்சர் மெதுவாக, "அதையே இங்க நகர்த்திட்டா என்ன சார்?" என்றார்.

"எப்படி நகர்த்துறது? படம் எடுத்து ஏத்தியாச்சு மேடம். இடத்தோட பதிவாயிருக்கு. இப்ப நகர்த்தினா ரிப்போர்ட் பொய்யாயிரும்."

"சட்டத்துல இருக்கு சார். பதினோராம் பிரிவு" என்றாள் தமயந்தி. "மனுவுலயே எழுதியிருக்கேன்."

"மனு வந்திருந்தா நடவடிக்கை எடுத்திருப்பாங்கம்மா."

"எடுத்து முடிச்சுட்டோம்னு செய்தியும் வந்துச்சு சார்."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். தமயந்தி டீச்சரைப் பார்த்து, "அப்ப நான் வர்றேன் டீச்சர்" என்றாள். இரண்டு கையையும் சக்கரத்தில் வைத்து நாற்காலியைக் கேட்டுப் பக்கம் திருப்பினாள். ஒரு கையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சளி பிடித்திருக்கும்.

அப்போதுதான் நான் முன்னால் போனேன்.

"சார், அரசாணை எண் 217 பாத்திருக்கீங்களா?"

முப்பது வருஷம் மைக் டெஸ்டிங் பண்ணிய குரல். ஆண்கள் வரிசையே இந்தப் பக்கம் திரும்பியது.

"எந்த 217?"

"சாய்தளம் சம்பந்தமா வந்தது. தேவைப்படுற வாக்காளர் ஒரு பூத்துலயும் சாய்தளம் இன்னொரு பூத்துலயும் இருந்தா, மண்டல அலுவலர் நேர்ல நின்னு நகர்த்தி வைக்கணும். நகர்த்தாம விட்டா, அவர் பேர் போட்டு விளக்கம் எழுதிக் கொடுக்கணும். இதை நான் போன தேர்தல்ல பத்து ஊருக்கு மைக்ல வாசிச்சவன்."

அவர் பக்கத்தில் நின்ற தீனதயாளனைப் பார்த்தார். "217 வந்திருக்கா?"

தீனதயாளன் ஒரு நிமிஷம் வேப்பமரத்தைப் பார்த்தார். "வந்த ஞாபகம் இருக்கு சார். ஃபைல்ல இருக்கும்."

மண்டல அலுவலர் யாருக்கோ போன் போட்டார். "சார், 217... ஆமா சார், ராம்ப்... ஓ, நீங்களும் பாத்திருக்கீங்களா. சரிங்க சார்." போனைப் பையில் போட்டுக்கொண்டு, எப்போதும் தெரிந்த விஷயம் மாதிரி என்னிடம் சொன்னார்: "217 எனக்குத் தெரியும். ஆனா நகர்த்த ஆள் வேணுமே?"

மரத்தடி காலியானது. பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்கட்டடத்துக்குப் போனார்கள். சாய்தளத்தின் மேல் ஒருத்தர் ஏறிக்கொண்டிருந்தார். "இறங்குங்கண்ணே, உங்களுக்குக் காலு இருக்குல்ல" என்றாள் இந்திராணி. வரிசையில் முணுமுணுப்பு: "ஏங்க, எங்க ராம்ப்பத் தூக்கிட்டுப் போனா நாங்க எப்படி ஏறுறது?" கிட்டத்தட்ட முழுவதையும் நானே தூக்கினேன். பெண்கள் சும்மா ஒரு கை பிடித்தார்கள்.

நாலு படி அதே நாலு படி என்பதால் கச்சிதமாக உட்கார்ந்தது. தமயந்தி ஏறினாள். பாதியில் தகரத்தின் இணைப்பில் சக்கரம் தட்டி நின்றது. நாற்காலி ஒரு விரல்கடை பின்னால் வந்தது. நான் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க மாமா."

எடுத்துவிட்டேன். எல்லோரும் அப்படியே நின்றோம். அவள் கொஞ்சம் பின்னால் விட்டு, பல்லைக் கடித்து, ஒரே தள்ளாகத் தள்ளினாள். இணைப்பைத் தாண்டி மேலே போய்விட்டாள். டீச்சர் கதவை அகலமாகத் திறந்துவைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே மெஷின் நீளமாக ஒரு சத்தம் போட்டது. காலம்பூரா சத்தத்தை வாடகைக்கு விட்டவன் நான். அதைக் கேட்டதும் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி.

வெளியே வந்தாள். விரலைக் காட்டவில்லை, போட்டோ எடுக்கவில்லை. "பொம்பளைங்க எல்லாம் சாப்பிடப் போங்க" என்றாள்.

மண்டல அலுவலர் தீனதயாளனிடம், "இப்ப ஒரு படம் எடுத்து ஏத்திருங்க" என்றார்.

ஏப்ரல் 21

இடுப்பு வலி. டீக்கடையில் எனக்குக் காசு வாங்கவில்லை. மூன்று தடவை முழுக் கதையும் சொன்னேன். மூன்றாவது தடவையில் மண்டல அலுவலர் என் காலில் விழப் போனார்.

மே 22

ரிசல்ட். நான் சொன்னவரே ஜெயித்தார். தோற்றவரையும் நான்தான் சொல்லியிருந்தேன்.

ஆகஸ்ட் 9

தீனதயாளன் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். உள்ளாட்சித் தேர்தல் வருகிறதாம். தாலுகா முழுக்க எல்லா ஊருக்கும் கடிதம் போயிருக்கிறது. ஆண்கள் பூத்து, பெண்கள் பூத்து எதுவானாலும் தனித்தனியாகச் சாய்தளம் போட வேண்டும். கடிதத்தின் தலையிலேயே இருக்கிறதாம், பார்வை: அரசாணை எண் 217.

"எல்லா ஊருலயும் தச்சு வேலை, வெல்டிங் வேலை நடந்துக்கிட்டிருக்குண்ணே. ஒரு சின்ன உதவி. மேல இருந்து 217 நகல் ஒண்ணு கேக்கறாங்க. எங்க ஆபீஸ் ஃபைல்ல எங்க வச்சோம்னு தெரியல. உங்ககிட்ட இருக்குமா?"

"தேடித் தர்றேன்" என்றேன்.

காபியைக் கொண்டுவந்த இந்திராணி, டம்ளரை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

ஆகஸ்ட் 12

தமயந்தி கடைக்குப் போனேன். இரண்டு நாளாகக் கம்ப்யூட்டரில் 217-ஐத் தேடியிருக்கிறாள்.

"அந்த நம்பர்ல ஏதேதோ இருக்கு மாமா. சாய்தளம் பத்தி ஒண்ணும் இல்ல."

"சரியாத் தேடியிருக்க மாட்ட."

"மாமா."

கடையில் வேறு யாரும் இல்லை.

"இப்ப போய்ச் சொல்லிரலாமா தாயி?"

அவள் கம்ப்யூட்டரை அணைத்தாள். "சொன்னா என்ன பண்ணுவாங்க?"

"எல்லா ஊர்ச் சாய்தளத்தையும் எடுத்துருவாங்க."

"அப்ப யாருகிட்டயும் பேசாதீங்க. நகல் கேட்டா, எலி கடிச்சுருச்சுன்னு சொல்லுங்க. பூரா ஊருலயும் வெல்டிங் முடியட்டும்." பிறகு, என் வாழ்க்கையில் முதல்தடவையாக, எனக்கு அவளே டீ வாங்கித்தந்தாள்.

அவள் யாரிடமும் பேச வேண்டாம் என்றாள், எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆகவே பின்னால் படிக்கிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன். அரசாணை எண் 217 நான் அடித்துவிட்டது. அவள் நாற்காலியைத் திருப்பியபோது வாயில் வந்த நம்பர். மற்றதெல்லாம் நடந்தபடியே எழுதியிருக்கிறேன். அந்தப் பதினோராம் பிரிவு மட்டும் நிஜமாகவே இருக்கிறது. அதைப் பார்த்த ஞாபகம் இருப்பதாக அன்றைக்கு ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.